நிலநடுக்கத்துக்குப் பிறகு மண்டபத்தில் நோய் பரவாமல் பார்த்துக்கொள்வது: பினாங்கில் புதிதாகத் தொண்டூழியத்துக்கு வருபவர்களுக்கு

எங்கள் இளைஞர் குழுவில் இந்த வருடம் புதிதாகப் பதினைந்து பேர் சேர்ந்திருக்கிறார்கள். முதல் கூட்டத்திலேயே ஒரு தம்பி எழுந்து, "அண்ணே, பினாங்குல பூகம்பமா? நடக்குற கதையா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நியாயமான கேள்விதான். நம் காலுக்கடியில் நிலம் பெரிதாக ஆடியதில்லை. ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா பக்கம் கடலடியில் ஆடியதற்கு, பாலிக் பூலாவ் கரையிலும் பத்து ஃபெரிங்கியிலும் அலை ஏறி, இந்த மாநிலத்தில் மட்டும் 52 பேர் போனார்கள். 2015 ஜூன் 5 அன்று சபாவில் ரானாவ் ஆடியது; கினபாலு மலையில் 18 பேர் இறந்தார்கள். 2025 ஆகஸ்டில் ஜோகூரின் சிகாமாட்டும் லேசாக ஆடியது. அப்படி ஒன்று நடந்தால் மக்கள் வந்து படுக்கப்போவது பள்ளி மண்டபத்திலும், டேவான் என்னும் பொதுமண்டபத்திலும், கோயில் கல்யாண மண்டபத்திலும்தான். அதிகாரப்பூர்வமான நிவாரண மையத்தைச் சமூக நல இலாகா நடத்தும். வாளி தூக்க, சோறு பரிமாற, பாய் விரிக்க நம்மைக் கூப்பிடுவார்கள்.

இந்தக் கட்டுரை அந்த வேலைக்கானது. நான் டாக்டர் இல்லை. வெள்ளக் காலங்களில் மண்டபங்களில் நின்று, சில தவறுகளை நானே செய்து கற்றுக்கொண்டவன். இடிபாட்டில் ஆளைத் தேடுவது பொம்பாவின் (தீயணைப்புப் படையின்) வேலை, அதை இங்கே எழுதவில்லை.

எதற்குப் பயப்பட வேண்டும்

முதலில் மனதில் இருக்கும் ஒரு பயத்தை இறக்கி வைத்துவிடுவோம். பேரிடர் என்றதும், "பிணங்கள் கிடக்கின்றன, கொள்ளைநோய் வரப்போகிறது" என்று வாட்ஸ்அப்பில் ஓட ஆரம்பித்துவிடும். நிலநடுக்கத்தில் அடிபட்டு இறந்தவர்களின் உடலிலிருந்து கொள்ளைநோய் கிளம்புவதில்லை. உலக சுகாதார நிறுவனம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. இறந்தவர் காயத்தால் இறந்தவர். அவரிடம் காலரா ஏற்கெனவே இருந்தால்தான் பேச்சு வேறு. ஆகவே சுண்ணாம்பு தூவுவதற்கும், அடையாளம் காணாமல் அவசரமாக மொத்தமாய்ப் புதைப்பதற்கும் மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. உடலைத் தூக்குபவர் கையுறையும் பூட்ஸும் போட்டு, முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். குடும்பத்தார் குளிப்பாட்டிச் சடங்கு செய்யக் கேட்டால் மறுக்க வேண்டியதில்லை, அவர்களுக்கும் கையுறை கொடுங்கள்.

நோய் உயிரோடு இருப்பவர்களிடமிருந்து வருகிறது. நெருக்கிப் படுத்திருப்பவர்கள், ஒரே குழாயில் குடிப்பவர்கள், ஒரே கழிப்பறைக்குப் போகிறவர்கள். 2005 அக்டோபரில் காஷ்மீரைக் குலுக்கிய 7.6 அளவு நிலநடுக்கத்துக்குப் பிறகு, பாகிஸ்தானில் திட்டமில்லாமல் முளைத்த ஒரு முகாமில் 1,800 பேர் இருந்தார்கள். அதில் 750-க்கும் மேற்பட்டவர்களுக்கு வயிற்றுப்போக்கு. சரியான தண்ணீரும் கழிப்பறையும் கொடுத்த பிறகு அடங்கியது. கவனியுங்கள், அடக்கியது மருந்து இல்லை.

இன்னொரு கதை ஹைத்தி. 2010 ஜனவரி 12 அன்று நிலநடுக்கம், காலரா வந்ததோ அக்டோபரில். இடிபாட்டில் பிறந்த கிருமி இல்லை அது. வெளிநாட்டிலிருந்து வந்த ஐ.நா. அமைதிப்படையின் முகாமில் கழிவு சரியாக அகற்றப்படாமல் ஆற்றில் கலந்தது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள், கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர் இறந்தார்கள். உதவிக்குப் போனவர்களின் கழிப்பறைதான் காரணம் என்பதைத் தொண்டூழியம் செய்யும் நாம் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

ஆட்கள் வருமுன்: மண்டபத்தை அளப்பது

மண்டபத்தில் எத்தனை பேர் படுக்கலாம் என்று கேட்டால், தலைவர் எப்போதுமே கூடுதலாகத்தான் சொல்வார். கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் உட்கார்ந்த இடமாயிற்றே! உட்காருவது வேறு, பத்து நாள் படுத்திருப்பது வேறு. அனைத்துலக நிவாரண அளவுகோல் ஓர் ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் என்கிறது. நம் டேவான்களில் தரையில் பூப்பந்துக் கோடு போட்டிருப்பார்கள். இரட்டையர் ஆட்டத்தின் முழுக் களம் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். கணக்குப் போட்டால் ஒரு களத்துக்கு 23 பேர். மூன்று களம் உள்ள டேவான் என்றால் எழுபது பேர் சொச்சம், கோட்டுக்கு வெளியே உள்ள இடத்தையும் மேடையையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். அதற்கு மேல் வந்தால் அடுத்த மண்டபத்தைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று நெருக்கினால் முதலில் இருமலும், பிறகு காய்ச்சலும் அட்ஜஸ்ட் ஆகிவிடும். 2024 ஜனவரியில் ஜப்பானின் நோட்டோ நிலநடுக்கத்துக்குப் பிறகு தங்குமிடங்களில் சளிக்காய்ச்சல், கோவிட், வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோவைரஸ் மூன்றும் பரவின. ஜப்பானிலேயே அந்த நிலை.

பாய்களுக்கு நடுவே ஒரு மீட்டர் விடுங்கள். ஒருவர் தலை இந்தப் பக்கம், அடுத்தவர் தலை அந்தப் பக்கம். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். பெரிய விசிறி இருந்தால் காற்று உள்ளேயே சுற்றாமல் வாசலைப் பார்த்து வெளியே தள்ளும்படி திருப்புங்கள். குடும்பங்களைப் பிரிக்காதீர்கள்.

அப்புறம் ஓர் அறை. வகுப்பறையோ, மணப்பெண் அறையோ, ஸ்டோரோ, ஏதாவது ஒன்றைக் காலியாகப் பூட்டி வையுங்கள். உடம்பு சரியில்லாதவர் வந்தால் அங்கே. மண்டபம் நிறைந்த பிறகு இந்த அறையைத் தேடினால் கிடைக்காது. நாற்காலி அடுக்கியிருப்பார்கள், இல்லாவிட்டால் யாராவது முக்கியஸ்தர் படுத்திருப்பார்.

தண்ணீர்

பாதி வேலை இதுதான், ஆகவே நிதானமாக எழுதுகிறேன்.

நில அதிர்வில் முதலில் அடிபடுவது குழாய்கள். ரானாவில் மலைச்சரிவு ஆறுகளைச் சேறாக்கி, சுத்திகரிப்பு நிலையங்களால் தண்ணீர் எடுக்க முடியாமல் போனது. பினாங்கு, சுத்திகரிக்குமுன் உள்ள பச்சைத் தண்ணீரில் பெரும்பகுதியை மூடா ஆற்றிலிருந்துதான் எடுக்கிறது. தீவுக்கு அது கடலடிக் குழாய் வழியாக வருகிறது. தீவிலேயே இருப்பவை ஆயர் ஈத்தாம், தெலுக் பாஹாங் போன்ற சில அணைகள். இதனால் குழாய் அறுந்தால் தீவுக்காரர்களுக்குச் சங்கடம் கூடுதல். இன்னொன்று, குழாயில் அழுத்தம் குறைந்தால் விரிசல் வழியே வெளியே உள்ள சாக்கடைத் தண்ணீரை உள்ளே இழுக்கும். ஆகவே தண்ணீர் திரும்பி வந்த முதல் நாள், குழாயைத் திறந்து தெளியும்வரை ஓடவிடுங்கள். குடிப்பதற்குக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும். அதிகாரிகள் சரி என்று சொல்லும்வரை அதுதான் விதி.

எவ்வளவு வேண்டும்? குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஓர் ஆளுக்கு நாளைக்கு 15 லிட்டர். இருநூறு பேருக்கு 3,000 லிட்டர். நம் ஊரில் தாங்கியைக் கேலனில்தான் சொல்வார்கள். 400 கேலன் தாங்கி சுமார் 1,800 லிட்டர் பிடிக்கும். அப்படி இரண்டு இருந்தால் ஒரு நாள் ஓடும், மறுநாள் லோரி வந்தாக வேண்டும். லோரிக்காரர் எண்ணை யாராவது ஒருவர் கைப்பேசியில் மட்டும் வைத்திருக்கக் கூடாது, சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

சுத்தம் செய்யும் முறைகள் இரண்டு. அடுப்பும் கேஸும் இருந்தால் கொதிக்க வைப்பது. குமிழ் பெரிதாகப் பொங்கிக் கொதிக்க ஆரம்பித்த பிறகு முழுதாக ஒரு நிமிடம் விடுங்கள். மூடியபடியே ஆறவிடுங்கள்.

கேஸ் சோற்றுக்கே போதவில்லை என்றால் குளோரின். கடையில் நாம் குளோரக்ஸ் என்று கேட்டு வாங்கும் துணி வெளுக்கும் திரவம்தான். எலுமிச்சை வாசனை, பூ வாசனை போட்டது வேண்டாம். புட்டியின் பின்னால் சோடியம் ஹைப்போகுளோரைட் 5 அல்லது 6 சதவீதம் என்று இருக்கிறதா பாருங்கள். அந்த அளவு திரவத்தில், தெளிந்த தண்ணீர் லிட்டருக்கு இரண்டு சொட்டு. கலங்கிய தண்ணீருக்கு நான்கு. இருபது லிட்டர் வாளிக்கு நாற்பது சொட்டு எண்ணிக்கொண்டு நிற்க முடியாது. பிள்ளைகளின் காய்ச்சல் மருந்தோடு வரும் பிளாஸ்டிக் சிரிஞ்சை எடுங்கள். 2 மில்லி, முடிந்தது. கலக்கி, மூடி, கடிகாரம் பார்த்து 30 நிமிடம் காத்திருங்கள். மூடியைத் திறந்தால் நீச்சல் குளத்தில் வருவது போல் லேசான வாசனை வர வேண்டும். வரவில்லை என்றால் அதே அளவு இன்னொரு முறை போட்டு, கால் மணி நேரம் பாருங்கள். அப்போதும் வாசனை இல்லை என்றால் அந்தத் தண்ணீரில் அழுக்கு அதிகம், கழுவுவதற்கும் துடைப்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

சேற்றுத் தண்ணீரில் நேரே குளோரின் ஊற்றுவது வீண். சேறே அதைத் தின்றுவிடும். ஒரு மணி நேரம் அசையாமல் வைத்து, மேல் தண்ணீரை மட்டும் நான்காக மடித்த பழைய வேட்டியில் வடிகட்டுங்கள், பிறகு போடுங்கள். நீச்சல் குளப் பொருள்கள் விற்கும் கடையில் குளோரின் சோதனைத் தாள் கிடைக்கும். குழாய் வாயில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் காட்டினால் நல்லது. காலையும் மாலையும் பார்த்து எழுதி வையுங்கள்.

இதெல்லாம் செய்துவிட்டு ஒரு குவளையில் கோட்டை விடுவோம். நான் பார்த்தது: அழகாகக் குளோரின் போட்டு மூடிய வாளி, மேலே ஒரு எவர்சில்வர் குவளை. ஒரு சின்னப் பையன் கழிப்பறையிலிருந்து வந்தான், மூடியை நகர்த்தினான், குவளையோடு சேர்ந்து விரல் நான்கும் மணிக்கட்டுவரை உள்ளே போய் வந்தன. குடித்துவிட்டு ஓடிவிட்டான். அந்த வாளியில் அதன்பின் நாற்பது பேர் குடித்திருப்பார்கள். ஆகவே வாய் அகன்ற பாத்திரமே வேண்டாம். அடியில் குழாய் வைத்த கேன்தான் வேண்டும். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றுகிற அந்தக் குழாய் வைத்த பெரிய டிரம் நம் எல்லாக் கோயிலிலும் இருக்கும், ஸ்டோரிலிருந்து எடுத்துக் கழுவி வையுங்கள்.

கழிப்பறையும் கையும்

தொடக்கத்தில் ஐம்பது பேருக்கு ஒரு கழிப்பறை. கூடிய சீக்கிரம் இருபது பேருக்கு ஒன்று. இருநூறு பேர் என்றால் முதல் நாள் நான்கு, வார இறுதிக்குள் பத்து. ஆணுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. இந்தக் கணக்கை ஆண்கள் மட்டும் உட்கார்ந்து பேசினால் தவறாகத்தான் போடுவார்கள், கமிட்டியில் ஒரு அக்காவையாவது உட்கார வையுங்கள். போகும் வழியில் விளக்கு வேண்டும். இருட்டுக்குப் பயந்து பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள், பிள்ளைகள் சுவரோரம் போய்விடும்.

அடுக்குமாடி பிளாட்டில் தங்கியிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதிர்வில் கழிவுக் குழாய் உடைந்திருந்தால், பதினைந்தாவது மாடியில் ஊற்றும் வாளித் தண்ணீர் கீழ்வீட்டுக் குளியலறையில் பொங்கும். நிர்வாகம் பார்த்துச் சொல்லும்வரை ஃபிளஷ் செய்யாதீர்கள்.

கழுவுவது யார்? சோறு பரிமாற முப்பது பேர் கை தூக்குவார்கள். கழிப்பறைக்கு ஒருவரும் வரமாட்டார்கள். இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, குழுத் தலைவர் முதல் ஷிப்டை எடுப்பது. அதற்குப் பிறகு பட்டியலில் பெயர் எழுதக் கேட்டால் யாரும் வாய் திறக்க முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கைப்பிடி, தாழ்ப்பாள், குழாய்த் திருகு மூன்றையும் துடைக்க வேண்டும். 5 சதவீத குளோரக்ஸ் ஒரு பங்குக்குத் தண்ணீர் 49 பங்கு. இதை வேறு கழிப்பறைத் திரவங்களோடு கலக்கவே கலக்காதீர்கள், நச்சுப் புகை வரும். காலையில் கலந்ததை மறுநாளைக்கு வைக்காதீர்கள், வீரியம் போய்விடும்.

யாராவது மண்டபத்தில் வாந்தி எடுத்துவிட்டால், துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். முதலில் பக்கத்தில் உள்ளவர்களை நகர்த்துங்கள். கையுறை, முகக்கவசம். பழைய செய்தித்தாளை மேலே போட்டு மூடி, அந்தக் குளோரின் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு, அள்ளிப் பையில் கட்டுங்கள். நோரோவைரஸ் என்றால் சில துகள்களே போதும் அடுத்தவருக்கு. கைக்குத் தடவும் சானிடைசர் இந்தக் கிருமியிடம் அவ்வளவாக எடுபடாது, சோப்பும் ஓடும் தண்ணீரும்தான்.

கை கழுவும் இடம் கழிப்பறை வாசலிலும் சாப்பாட்டு வரிசையின் ஆரம்பத்திலும் இருக்க வேண்டும். சோப்பைப் பழைய காலுறைக்குள் போட்டு முடிந்து குழாயில் தொங்கவிட்டால் யாரும் எடுத்துப் போகமாட்டார்கள், கீழே விழுந்து சகதியாகவும் ஆகாது. இன்னொன்று, பெம்பர்ஸ். குழந்தை மலம்தானே என்று பாய்க்கடியில் சுருட்டி வைக்கிறார்கள். அதிலும் அதே கிருமிதான். மூடி போட்ட தொட்டி ஒன்று தாய்மார்கள் படுக்கும் பக்கத்திலேயே வையுங்கள்.

சமையல்

இங்கே என் குற்றம் ஒன்றைச் சொல்கிறேன். 2017 நவம்பரில் பினாங்கில் பெரிய வெள்ளம் வந்தபோது ஒரு மண்டபத்தில் சாப்பாட்டுப் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஒரு நல்ல மனிதர் காலையில் சமைத்து, பதினோரு மணிக்குள் சோற்றுப் பொட்டலங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குள் இன்னொரு குழுவும் சாப்பாடு கொண்டு வந்துவிட்டது. வீணாகக் கூடாதே என்று அந்தப் பொட்டலங்களை வேனிலேயே வைத்து, நான்கு மணிக்கு மேல் தேநீர் வேளையில் கொடுத்தேன். தேங்காய்ப்பால் சோறு, சம்பல், அவித்த முட்டை. மணம் நன்றாகத்தான் இருந்தது. இரவு ஒன்பது மணிக்குக் கழிப்பறை வாசலில் வரிசை. அந்த இரவு எனக்கு இன்னும் மறக்கவில்லை. கொடுத்தவர்மேல் பிழை இல்லை.

அன்றிலிருந்து பொட்டலத்தின் மேல் சமைத்து இறக்கிய நேரத்தை மார்க்கரில் எழுதச் சொல்கிறேன். நான்கு மணி நேரம் தாண்டினால் குப்பைக்கு. பெரியவர்கள் திட்டுவார்கள், திட்டட்டும். சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் நச்சு மறுபடி சூடாக்கினாலும் சாகாது. பேரிடர் நாட்களில் சாந்தான் (தேங்காய்ப்பால்) போட்டது, தேங்காய்ச் சட்னி, வெட்டி வைத்த பழம் எல்லாம் வேண்டாம். கஞ்சி, பருப்பு, கண்ணெதிரே அவித்த முட்டை, கொதிக்கக் கொதிக்க ரசம். அன்னதானத்தில் ஆயிரம் பேருக்கு அண்டாவில் சமைத்துச் சூடாகவே பரிமாறிப் பழகியவர்கள் நாம், பொட்டலத்தைவிட அதுதான் பத்திரம்.

சமைப்பவருக்கு வயிறு சரியில்லை என்றால் அடுப்படிக்கு வரக் கூடாது, நின்ற பிறகும் இரண்டு நாள் ஓய்வு. இந்த நாட்டில் 2009 உணவுச் சுகாதார விதிகள் உணவு கையாள்பவர்களுக்குப் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் கேட்கின்றன. மண்டபச் சமையலுக்கு முதலில் அப்படி ஊசி போட்ட கடைக்காரர்களையும் கேட்டரிங் ஆட்களையும் கூப்பிடுங்கள்.

பால்மாவுத் தானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்போடு டின் டின்னாக வரும். 2006 மே மாதம் யோக்யாகார்த்தா நிலநடுக்கத்துக்குப் பிறகு, தானமாக வந்த பால்மாவு கொடுக்கப்பட்ட குழந்தைகளில் வயிற்றுப்போக்கு மற்றவர்களைவிட இரு மடங்காக இருந்தது. தண்ணீர் சந்தேகம், புட்டி கழுவ வசதி இல்லை, வேறென்ன ஆகும்? தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு ஒரு மறைவான மூலையும் நிறையத் தண்ணீரும் கொடுங்கள். பால்மாவைப் பொதுமேசையில் அடுக்காதீர்கள். உண்மையிலேயே தேவைப்படும் குழந்தைக்கு நர்ஸ் பார்த்துக் கொடுக்கட்டும், புட்டிக்குப் பதில் கிண்ணமும் கரண்டியும்.

ஒரு நோட்டுப் புத்தகம்

செயலி எல்லாம் வேண்டாம், பாட்டா கடைக்குப் பக்கத்துப் புத்தகக் கடையில் விற்கும் நீள நோட்டு போதும். பக்கத்துக்கு ஒரு நாள். கோடு போட்டு ஆறு பத்திகள்: வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல், காய்ச்சலோடு தடிப்பு, இருமல், கண் மஞ்சள். காலை எட்டு மணிக்கு ஒருவர் பாய் பாயாகப் போய்க் கேட்க வேண்டும். வயது, எந்த வரிசையில் படுக்கிறார் என்பதையும் எழுதுங்கள். இரண்டாம் நாள் பார்க்கும்போதே தெரியும், வயிற்றுப்போக்கு எல்லாம் இடது வரிசையில் இருக்கிறதே, அந்தப் பக்கக் கேனை யார் நிரப்பினார்கள் என்று.

எப்போது பதற வேண்டும்? வளர்ந்த ஒருவருக்குச் சோறு வடித்த கஞ்சி போல் நிற்காமல் போனால், ஒருவர் என்றாலும் உடனே 999. காலராவில் மணிக்கு ஒரு லிட்டர்வரை தண்ணீர் போகும். தடிப்போடு காய்ச்சல் உள்ள ஒரு குழந்தை, அதுவும் ஒன்றே போதும். மற்றபடி நேற்றைவிட எண்ணிக்கை இரு மடங்கானால் மாவட்டச் சுகாதார அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். 1988 தொற்றுநோய்ச் சட்டப்படி காலரா, டிங்கி, நச்சுணவு எல்லாம் தெரிவித்தே ஆக வேண்டியவை. "மண்டபத்தின் பெயர் கெட்டுவிடும்" என்று மறைக்கச் சொல்லும் ஆள் ஒருவர் எல்லா இடத்திலும் இருப்பார், கேட்காதீர்கள்.

ஆம்புலன்ஸ் வருமுன் உப்பு-சர்க்கரைக் கரைசல். சுத்தமான தண்ணீர் ஒரு லிட்டர், தட்டையாக வழித்த தேக்கரண்டியில் சர்க்கரை ஆறு, உப்பு அரை. உப்பு கூடினால் ஆபத்து, ஆகவே கண்ணளவில் போடாதீர்கள். கிளினிக்கில் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொட்டலம் கிடைத்தால் அதுதான் முதலில். வாந்தி எடுத்தாலும் பத்து நிமிடம் விட்டுக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள்.

நோட்டில் பெயர் எழுதும் மேசையில் யாருடைய பாஸ்போர்ட்டையும் கேட்காதீர்கள். வங்காளதேச, இந்தோனேசிய, மியன்மார் ஆட்களும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். குடிநுழைவுக்குப் பயந்து ஒருவர் காய்ச்சலை மறைத்தால் பக்கத்துப் பாய்க்கும் அது போகும்.

காயமும் ஊசியும்

இந்தோனேசியாவின் ஆசே மாநிலத்தில் 2004 அலைக்குப் பிறகு 106 பேருக்கு டெட்டனஸ் என்னும் இசிவு நோய் வந்தது, இருபது பேர் இறந்தார்கள். பெரிய காயம் வேண்டியதில்லை, துருப்பிடித்த ஜிங்க் தகடோ ஆணியோ கிழித்தால் போதும். ஓடும் சுத்தத் தண்ணீரில் ஐந்து நிமிடமாவது கழுவுங்கள், மண் போகும்வரை. மஞ்சள்தூள், காப்பித்தூள், எண்ணெய் எதையும் அப்பாதீர்கள். அழுக்குக் காயத்தை இறுக்கி மூடாமல் கிளினிக்குக்கு அனுப்புங்கள். கடைசி ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் அழுக்குக் காயத்துக்கு மறுபடி போடுவார்கள். நம் ஊரில் பதினைந்து வயதில் பள்ளியில் போடுவதுதான் பலருக்குக் கடைசி. நீங்கள் முப்பது வயதுக்காரர் என்றால் இந்தக் கட்டுரையைப் படித்து முடித்த வாரமே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். ஊசி வேலை செய்ய நாளாகும், ஆடிய பிறகு ஓடக் கூடாது.

தட்டம்மை இன்னொன்று. மண்டபத்தில் அதைவிட வேகமாக ஓடுவது எதுவும் இல்லை. நோயாளி வெளியே போய் இரண்டு மணி நேரம்வரை காற்றில் நிற்கும். இங்கே குழந்தைகளுக்கு ஒன்பதாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் போடுகிறார்கள். பதிவேட்டில் குழந்தை பெயருக்கு எதிரே "ஊசி போட்டதா" என்று ஒரு பத்தி வைத்து, இல்லை என்று வருவதைச் சுகாதாரக் குழுவிடம் கொடுங்கள். தட்டம்மைக்காரரோடு இருந்து 72 மணி நேரத்துக்குள் போட்டால் இன்னும் பலன் உண்டு. அந்தப் பூட்டி வைத்த அறை இப்போது புரிகிறதா?

கொசு, எலி

டிங்கி பற்றி நமக்குப் பாடம் வேண்டாம். தண்ணீர் பிடித்து வைத்த ஒவ்வொரு வாளியும் கொசுப் பண்ணை, மூடுங்கள். ஏடிஸ் முட்டையிலிருந்து பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை கேன், தார்ப்பாய் மடிப்பு, இடிந்த கூரையின் பள்ளம் எல்லாம் கொட்டினாலே போதும். புகையடிப்பு பறக்கும் கொசுவை மட்டும்தான் கொல்லும். மந்திரி வந்து படம் எடுக்க நன்றாக இருக்கும்.

எலிக்குக் குப்பை. இரவில் சோற்றுப் பையை வெளியே வைக்காதீர்கள்.

உங்கள் உடம்பு

இடிபாட்டுச் சேற்றில் வெறுங்காலோடு, சிலிப்பரோடு இறங்காதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் லெப்டோஸ்பைரோசிஸ் இருக்கும், கென்சிங் தீக்குஸ் என்றால் எல்லாருக்கும் தெரியும். மண்ணில் மெலியோய்டோசிஸ் கிருமி இருக்கும், கெடா பக்கம் அது நன்றாகத் தெரிந்த நோய். 2010-ல் பகாங்கில் லுபோக் யூவில் நீரில் மூழ்கியவரைத் தேடப் போனவர்களுக்கே இந்த இரண்டும் வந்து, சிலர் இறந்தார்கள். இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு மெலியோய்டோசிஸ் மிக மோசம். நம் ஆட்களில் இனிப்பு நீர் எத்தனை பேருக்கு என்று சொல்ல வேண்டுமா? அவர்கள் சேற்று வேலையை விட்டு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளட்டும். காலில் வெட்டு இருந்தால் நீர்புகாத கட்டு போட்டு, முழங்கால்வரை பூட்ஸ். வீடு திரும்பியதும் துணியைத் தனியாகத் துவைத்து, குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்குங்கள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் கவனம். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, மூச்சு முட்டல் எது வந்தாலும் கிளினிக்கில் போய் வெறும் காய்ச்சல் என்று சொல்லாதீர்கள். "டாக்டர், பத்து நாளைக்கு முன்னே சேத்துத் தண்ணில நின்னு வேலை செஞ்சேன்" என்று அந்த வாக்கியத்தை முதலில் சொல்லுங்கள். எந்த ஊர், எந்தத் தேதி என்பதை இப்போதே கைப்பேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், காய்ச்சலில் ஞாபகம் வராது.